சேதாரமின்றிச் செல்லுமா மனவரைபடம்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வீடு மாறுகிறோம். அண்டா குண்டா முதல் மல்லிகைத் தொட்டி வரை அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். பள்ளி மாறுகிறோம். மாற்றுச் சான்றிதழ் நம் கூடவே வருகிறது. ஆனால் கைபேசியில் ஒரு செயலியை விட்டு இன்னொரு செயலிக்கு மாறும்போது, அதில் நாம் மாதக்கணக்கில் வரைந்து வைத்த எண்ணங்கள் நம்மோடு வருகின்றனவா? "வரும், ஆனால்..." என்பதே இன்றைய விடை. அந்த 'ஆனால்' என்னும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கைபேசியைப் பள்ளிக்கு எடுத்து வரலாமா, கூடாதா என்ற வழக்கை நான் கிளப்பவில்லை. அருட்சகோதரிகள் அஞ்ச வேண்டாம்! மாலையில் வீட்டில், அம்மாவின் கைபேசியில், அம்மா கண் முன்னே நடப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

மனவரைபடம் நமக்குப் புதியதன்று. நடுவில் ஒரு சொல்லை எழுதி, அதிலிருந்து கிளைகளும், கிளைகளிலிருந்து சிறு கிளைகளும் பிரித்துப் பாடத்தை ஒரே பக்கத்தில் அடக்குகிறோமே, அதுதான். இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த டோனி புசான் என்பவர் 1974-ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வாயிலாக இதனைப் பரப்பினார். நம் தமிழ்நாட்டிலோ, 2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது, பாடத்தை வாசித்து, மனவரைபடம் வரைந்து, தொகுத்துக் கூறி, கலந்துரையாடுவது என்று அது வகுப்பறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அன்று சாக்பீசாலும் ஸ்கெட்ச் பேனாவாலும் வரைந்தார்கள். இன்று விரலால் வரைகிறோம். அவ்வளவே வேறுபாடு என்று நானும் எண்ணியிருந்தேன்.

எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து 'பட்டாசு' என்ற தலைப்பில் ஒரு மனவரைபடம் வரைந்தோம். விருதுநகர் மாவட்டத்துப் பெண்கள் வேறெதை வரைவோம்? வேதியியல் ஒரு கிளை, வரலாறு ஒரு கிளை, சட்டம் ஒரு கிளை, பாதுகாப்பு ஒரு கிளை. வேதியியல் கிளையில் ஸ்ட்ரான்ஷியத்தைச் சிவப்பிலும், பேரியத்தைப் பச்சையிலும், தாமிரத்தை நீலத்திலும், சோடியத்தை மஞ்சளிலும் எழுதினோம். எந்தத் தனிமத்தின் உப்பு எந்த நிறத்தில் எரிகிறதோ அந்த நிறமே அந்தக் கட்டத்துக்கு! வரலாற்றுக் கிளையில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது. சட்டக் கிளையில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் அந்தத் தீர்ப்பு தடை விதித்தது அல்லவா? எனவே 'பேரியம்' என்ற கட்டத்திலிருந்து 'தீர்ப்பு' என்ற கட்டத்துக்கு ஒரு வளைகோடு இழுத்தோம். எங்கள் வரைபடத்திலேயே மிக முக்கியமான கோடு அதுதான். ஒரு தனிமத்துக்கும் ஒரு தீர்ப்புக்கும், அந்தத் தீர்ப்புக்கும் நம் தெருவில் இருக்கும் வீடுகளுக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த ஒரு கோடுதான் சொன்னது.

பாதுகாப்புக் கிளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. ஏன் பருத்திச் சேலைதான் உடுத்த வேண்டும், நைலான் ஏன் கூடாது, ஏன் தட்டைத் தரையில் இழுக்காமல் தூக்கியே வைக்க வேண்டும், மருந்து கையில் இருக்கும்போது எப்படி நடக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னதை ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் குறிப்பாக எழுதி வைத்தோம். தொட்டால் விரியும், விட்டால் மூடிக்கொள்ளும் குறிப்புகள். உராய்வு, நிலை மின்சாரம் என்று அறிவியல் புத்தகம் சொல்வதை அந்த அம்மா தம் கையாலும் காலாலும் அறிந்து வைத்திருக்கிறார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அதையும் எழுதிக்கொண்டோம். எந்தப் பாடநூலிலும் இல்லாத பக்கம் அது.

நிற்க. அந்தக் கைபேசி ஒரு நாள் உயிரை விட்டது. வேறொரு பழைய கைபேசி வாங்கினார்கள். வரைபடக் கோப்பு நல்லவேளையாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததால் பத்திரமாக இருந்தது. ஆனால் முன்பிருந்த செயலி புதிய கைபேசியில் ஓடவில்லை. வேறு செயலிதான் ஓடியது. அந்தச் செயலிக்கோ இந்தக் கோப்பு புரியவில்லை. முன்பிருந்த செயலியில் இலவசமாக வெளியே எடுக்கக் கிடைத்தது படம் ஒன்று மட்டுமே. மற்ற வடிவங்கள் வேண்டுமானால் பணம் கட்டு என்றது. கட்டணமோ தோழியின் அம்மாவினுடைய ஒரு நாள் கூலியை விட அதிகம். (செயலியின் பெயர் இங்கு வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை நல்லவை என்றாகிவிடும்.)

படம் இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். படம் பார்ப்பதற்குத்தான். மாமரத்தின் புகைப்படத்தில் ஒட்டுப்போட முடியுமா? ஒரு கிளையை மடக்கவோ, ஒரு சொல்லைத் திருத்தவோ, புதிய கட்டம் ஒன்று சேர்க்கவோ படத்தில் வழியில்லை. பிடிஎப் ஆக எடுத்தாலும் பெரிய மாற்றமில்லை. அதிலும் தமிழை நகல் எடுத்து ஒட்டினால் பல நேரங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறி வருகிறது.

பிறகு மதுரையில் கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா, அதே செயலியைக் கட்டணம் கட்டி வைத்திருந்தவர், எங்கள் கோப்பைத் திறந்து 'ஓபிஎம்எல்' என்னும் வடிவத்தில் எடுத்து அனுப்பினார். புதிய செயலி அதைத் தட்டாமல் வாங்கிக்கொண்டது. ஆகா என்று கை தட்டினோம். தட்டிய கை ஓய்வதற்குள் கவனித்தோம். நிறங்கள் இல்லை. வளைகோடு இல்லை. அந்த அம்மாவின் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை.

நகைக் கடையில் செய்கூலி, சேதாரம் என்பார்களே, அதில் இது சேதாரம். ஏன் இப்படி ஆகிறது என்று அறிய எனக்கு ஆவல். கணினி ஆசிரியையிடமும் கேட்டேன். அறிந்ததைச் சொல்கிறேன்.

ஓபிஎம்எல் என்பது 2000-ஆம் ஆண்டு டேவ் வைனர் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய வடிவம். உண்மையில் அது மனவரைபடத்துக்காகப் பிறந்ததே அன்று. தலைப்பு, உட்தலைப்பு, அதற்குள் இன்னொரு உட்தலைப்பு என்று புத்தகத்தின் பொருளடக்கம் போல எழுதுவதற்காகப் பிறந்தது. எந்த வரி எந்த வரிக்கு அடியில் வருகிறது என்பதை மட்டும் அது சரியாகக் காப்பாற்றும். தாய்-பிள்ளை உறவு அதற்குத் தெரியும். சம்பந்தி உறவு தெரியாது! ஒரு கிளையிலிருந்து வேறொரு கிளைக்குப் போகும் எங்கள் வளைகோடு சம்பந்தி உறவு. ஆகவே அது விழுந்துவிட்டது. நிறத்தையும் குறிப்பையும் சேர்த்து எழுதிக்கொள்ள அதில் இடமுண்டு. ஆனால் ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி ஒரு பெயர் வைத்து எழுதுகிறது. அடுத்த செயலிக்கு அந்தப் பெயர் தெரியாததால் வாசிக்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

இன்னொரு வடிவமும் உண்டு. 'ஃப்ரீமைண்ட்' என்னும் இலவசக் கணினி மென்பொருளின் கோப்பு. அதில் நிறம், குறிப்பு, அம்புக்கோடு எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. அதன் உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதனால் பல செயலிகள் அதையும் வாங்கிக்கொள்கின்றன, தங்களுக்குப் புரிந்த மட்டும். 'எக்ஸ்மைண்ட்' கோப்போ ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் வாலை மாற்றிப் பிரித்தால் உள்ளே எழுத்து ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று தெரியும். பூட்டு இல்லாத பெட்டி என்பதால் அதை நான் பாராட்டுகிறேன். பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்ளும் செயலிகளும் இருக்கின்றனவே!

இந்தத் தொல்லை ஏதோ கைபேசி வந்த பின் முளைத்தது என்று எண்ண வேண்டாம். நம் சிவகாசி அச்சகங்களில் டிடிபி வேலை செய்யும் எவரையும் கேட்டுப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையோ நாள்காட்டியோ கணினியில் இருக்கும். புதிய கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் பல்லைக் காட்டும். காரணம், அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும் வரை அம்மா. எழுத்துரு போய்விட்டால் அம்மா இல்லை! ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்ததால், எதில் அடித்தது என்று தெரிந்தால்தான் மாற்றவே முடியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் இதற்கு ஒரு பொது ஒழுங்கு காண முயன்றார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010-ஆம் ஆண்டில்தான். அதற்குள் எத்தனை கோப்புகள் ஊமையாகிப் போயினவோ!

இன்னும் பின்னோக்கிப் போனால் ஓலைச்சுவடி. சுவடியில் பொதுவாகப் புள்ளி வைத்து எழுதுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரிவதில்லை. நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர்தான் அவற்றுக்கு வேறு வேறு வடிவம் தந்தார் என்று தமிழாசிரியை கற்பித்தார். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியபோது, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடம் கண்டார். ஓலையிலிருந்து தாளுக்குப் பெயர்ப்பதும் ஒரு குடிபெயர்ப்புதான். ஆனால் ஒன்று சொல்வேன். ஓலை யாரிடமும் கட்டணம் கேட்டுக் கதவடைக்கவில்லை. எழுத்தறிந்தவர் எவரும் எடுத்துப் படிக்கலாம். கரையானுக்கு ஓலை ஆகாரமாயிற்று. அது வேறு துயரம்.

என் கருத்து இதுதான்: ஒரு செயலியில் நான் எழுதியது என்னுடையது. அதனை முழுமையாக, நிறம் குறிப்பு கோடு எதுவும் குறையாமல், எவரும் படிக்கக்கூடிய வடிவத்தில் இலவசமாக வெளியே கொடுப்பது செயலியின் கடமை.

"அவர்களும் பிழைக்க வேண்டாமா?" என்று என் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நன்றாகப் பிழைக்கட்டும். அழகான வடிவங்களுக்கும், அதிகப்படியான இடத்துக்கும், எத்தனை வரைபடம் வேண்டுமானாலும் வரைவதற்கும் கட்டணம் கேட்கட்டும். கொட்டகைக்குள் நுழைய டிக்கெட் வாங்கச் சொல்வது முறை. படம் முடிந்தபின் வெளியேறும் வாசலில் நின்றுகொண்டு டிக்கெட் கேட்டால்? நம் ஊர் மக்கள் சும்மா விடுவார்களா?

வெளியேறும் உரிமை கேட்பது நடக்காத காரியமும் அன்று. கைபேசி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்கு முன், எண் போய்விடுமே என்று அஞ்சியே எத்தனை பேர் பிடிக்காத நிறுவனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், ஒருவர் தாம் கொடுத்த சொந்தத் தரவுகளைக் கணினி படிக்கும் பொது வடிவத்தில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டிலும் 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் அத்தகைய உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஏன் நீக்கினார்கள்? மாணவி எழுதிய மனவரைபடம் சொந்தத் தரவா இல்லையா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எங்களைப் பொறுத்தவரை பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஓர் அம்மா சொன்ன சொற்கள் சொந்தம்தான்.

இதில் நல்ல முன்மாதிரியும் உண்டு. கூகுள் நிறுவனம் நடத்திய 'ரீடர்' என்னும் செய்தி வாசிப்புச் சேவை 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பயன்படுத்தியவர்கள் வருந்தினார்கள், ஆயினும் தாங்கள் சேர்த்து வைத்திருந்த தளங்களின் பட்டியலை அதே ஓபிஎம்எல் வடிவில் எடுத்துக்கொண்டு வேறு சேவைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடை மூடியது, சரக்கு வீடு வந்தது. வெறும் பட்டியலாக இருந்ததால் அங்கே சேதாரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"பேசாமல் நோட்டில் வரைந்தால் என்ன?" என்று கேட்ட அருட்சகோதரிக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நோட்டுக்கு மின்சாரம் வேண்டாம்; மாற்றமும் வேண்டாம்; சேதாரமும் இல்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவில் நோட்டையே நானும் நம்புகிறேன். ஆனால் நால்வர் நான்கு ஊரில் இருந்துகொண்டு, ஒருத்தி திருத்தங்கலிலும் ஒருத்தி சாத்தூர் சாலையிலும் அமர்ந்து, ஒரே வரைபடத்தில் கிளை சேர்க்க நோட்டு இடம் தராது. நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் ரப்பரைத் தேய்த்துத் தாளே கிழிந்துவிடும். இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் ஏதேனும் ஒரு செயலியை இறக்கிக்கொண்டால், எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், எப்படி வெளியேறுவது என்று பாருங்கள். ஐந்தே ஐந்து கட்டங்கள் போட்டு, ஒன்றுக்கு நிறம், ஒன்றுக்குக் குறிப்பு, இரண்டுக்கு நடுவே ஒரு கோடு வைத்து, வெளியே எடுத்து, வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. எது விழுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். எக்ஸ்போர்ட், இம்போர்ட் என்றால் நம் ஊரில் தீப்பெட்டிப் பண்டல்தான் நினைவுக்கு வரும். பண்டலை லாரியில் ஏற்றும் முன் எண்ணிப் பார்க்காமல் அனுப்புவார்களா?

பாடசாலைக் கணினி அறைக்கும் ஒன்று. திட்டப் பணிகளை ஏதோ ஒரு செயலியில் செய்து வரச் சொல்லும்போது, மூலக் கோப்போடு ஓபிஎம்எல் ஒன்றும் படம் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். படம் கண்ணுக்கு, ஓபிஎம்எல் கைக்கு. அடுத்த ஆண்டு வரும் தங்கைகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா?

எங்கள் வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மதுரை அக்காவின் கைபேசித் திரையைப் பார்த்துப் பார்த்து இரண்டு மாலைகளில் குறிப்புகளை மறுபடி அடித்தோம். இம்முறை குறிப்புகளைக் கட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாகவே போட்டுவிட்டோம். பார்க்க நெருக்கமாகத்தான் இருக்கிறது, மாலை நேரத்துப் பேருந்து போல. நிறத்தின் பெயரையும் எழுத்திலேயே எழுதினோம்: 'ஸ்ட்ரான்ஷியம், சிவப்பு', 'பேரியம், பச்சை' என்று. (நடுவில் ஒரு வேடிக்கை. நிறங்கள் போய் வெறும் பட்டியலாக வந்தபோது, 'பச்சை' என்ற சொல்லையும் 2019-இல் வந்த 'பசுமைப் பட்டாசு' என்ற சொல்லையும் ஒன்றென்று எண்ணி ஒருத்தி இரண்டையும் இணைக்கப் பார்த்தாள். பச்சையாக எரிவது வேறு, பசுமை என்பது வேறு என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

வளைகோட்டுக்குத்தான் மாற்று வழி கிடைக்காமல் திண்டாடினோம். கடைசியில் அகராதிக்காரர்கள் வழியைப் பின்பற்றினோம். 'பேரியம், பச்சை, காண்க: தீர்ப்பு 2018' என்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதினோம். தீர்ப்பின் கட்டத்திலும் 'காண்க: பேரியம்' என்று எழுதினோம். அதன் பிறகு மூன்று செயலிகளில் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துவிட்டோம். கோடு எதிலும் வரவில்லை. 'காண்க' மூன்றிலும் வந்தது.